பன்னிரண்டு வாரம் எங்கே தங்குவது? சென்னை அறை, சேலத்து வீடு, ஏற்காட்டுக் குளிர்

சித்திரை பிறந்ததிலிருந்து மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். மூவரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். மூவருக்கும் வெவ்வேறு ஆக்சிலரேட்டர் திட்டங்களில் (புதிய நிறுவனங்களுக்குப் பணமும் ஆலோசனையும் தந்து, பதிலுக்குப் பங்கு எடுத்துக்கொள்ளும் குறுகிய காலத் திட்டங்கள்) இடம் கிடைத்திருக்கிறது. பணம் எவ்வளவு, பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று: பன்னிரண்டு வாரமும் எங்கே தங்குவது? ஒருவர் பெங்களூரில் அறைக்கு முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறார். இன்னொருவர் ஆத்தூரை விட்டு நகர்வதாக இல்லை. மூன்றாமவருக்கு ஏற்காட்டில் சித்தப்பாவின் காபித் தோட்டத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் வேலை தானாக ஓடும் என்று நினைக்கிறார்.

நான் இந்த மூன்றையும் ஒரே திட்டத்துக்குள் செய்து பார்த்தவள். கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, முடிவெடுக்கத் தெரியாததால். நானும் என் கல்லூரித் தோழியும் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்குச் செயலி செய்கிறோம். எடை போட்டுக் கொடுத்த வெள்ளி, கம்பியாகி, பற்றவைத்து, மெருகேறித் திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்தது, அதில் நியாயமான சேதாரம் எது, கூலி எவ்வளவு என்பதைச் சிட்டைப் புத்தகம் இல்லாமல் சொல்லும் செயலி. நாங்கள் சேர்ந்த திட்டம் சென்னையில் நடந்தது. முதல் ஐந்து வாரம் பெருங்குடியில் ஒரு விடுதி, பிறகு சேலத்தில் எங்கள் பட்டறைகள் இருக்கும் செவ்வாப்பேட்டை, இடையில் ஒன்பது நாள் ஏற்காடு, கடைசியில் மறுபடி பெருங்குடி.

## உள்ளே ஒரு வாரம் எப்படிப் போகிறது

இதைத் தெரியாமல் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2005இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் என்ற ஆக்சிலரேட்டர் நிறுவனம் வார்த்த அச்சில்தான் பெரும்பாலான திட்டங்கள் இன்றும் ஓடுகின்றன. பல நிறுவனங்களை ஒரே அணியாகச் சேர்ப்பார்கள். ஏறக்குறைய மூன்று மாதம். கொஞ்சம் பணம் தருவார்கள், பதிலுக்கு நிறுவனத்தில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். முடிவில் முதலீட்டாளர்கள் முன்னால் நின்று சில நிமிடம் பேசும் 'டெமோ டே'. வாரம் ஒருமுறை எல்லோரும் கூடிச் சாப்பிடும் இரவு விருந்தும் அங்கே உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது அந்த நிறுவனமே எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றி, பிறகு மெல்ல மெல்ல நேருக்கு நேர் கூடும் முறைக்குத் திரும்பியது. ஆகவே "நேரில் இருக்க வேண்டுமா" என்ற குழப்பம் ஆத்தூர்க்காரருக்கு மட்டும் வந்ததல்ல.

எங்கள் திட்டத்தில் திங்கட்கிழமை காலை எண் சொல்லும் நாள். போன வாரம் எத்தனை பட்டறை சேர்ந்தது, எத்தனை விலகியது, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். செவ்வாய் முழுக்க ஆலோசகர்கள். அரைமணி அரைமணியாக ஐந்து பேரைப் பார்த்தால் ஐந்து விதமான அறிவுரை கிடைக்கும். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும். புதனும் வியாழனும் சொந்த வேலை என்பது பெயரளவில்தான். யாராவது பேச வந்திருப்பார்கள், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. வெள்ளி மாலை மேடைப் பேச்சு ஒத்திகை. இதற்கெல்லாம் நடுவில் செயலியை எழுதுவது இரவு எட்டு மணிக்கு மேல். கடைசி மூன்று வாரம் ஒத்திகையைத் தவிர வேறெதுவும் நடக்காது.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் வாடகையைக் கேட்கிறார்கள். என் வரிசையில் அது நான்காவது.

முதலாவது, ஒரு நாளில் இடையூறு இல்லாமல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் நேரம். இரண்டாவது, வாடிக்கையாளரை எவ்வளவு எளிதாகப் போய்ப் பார்க்க முடியும் என்பது. மூன்றாவது, உங்களைப் போலவே திண்டாடும் சக நிறுவனர்களின் அருகாமை. நான்காவது பணம். ஐந்தாவது உடம்பும் வீடும்.

பணத்தை ஏன் இவ்வளவு கீழே தள்ளினேன் என்பதற்கு ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. நாங்கள் திட்டத்துக்குக் கொடுத்தது 6 சதவீதப் பங்கு. பன்னிரண்டு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு அரை சதவீதம். ஒரு வாரத்தைத் தவறான ஊரில் உட்கார்ந்து வீணடித்தால் நிறுவனத்தில் அரை சதவீதம் கைமாறிப் போய்விட்டது, பதிலுக்கு எதுவும் வரவில்லை. விடுதிக் கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க மூன்று நாள் அலைந்தபோது இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

## சென்னை அல்லது பெங்களூரில் அறை எடுப்பது

நகரத்தின் உண்மையான வரவு வகுப்பறையில் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது. எங்கள் அணியில் மீன் ஏலக்கூடங்களுக்குத் தராசு செய்யும் ஒரு பையன் இருந்தான். இரவு பதினொரு மணிக்கு விடுதிக்கு எதிரே கல்தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அக்கா, எடையை ஏன் கையால் தட்டுகிறீர்கள்? தராசிலிருந்தே நேராக எடுக்கலாமே" என்றான். பல மின்னணுத் தராசுகளின் பின்புறம் ஆர்.எஸ். 232 என்ற இணைப்புத் துளை இருக்கும். அதில் சின்னதாக ஒரு பலகையைச் செருகினால் எடை செயலிக்குள் வந்து விழும் என்று கைத்துடைக்கும் தாளில் வரைந்து காட்டினான். ஐந்து வாரத்தில் எந்த ஆலோசகரும் இதைச் சொல்லவில்லை. நாங்களும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளை மட்டும் பத்திரப்படுத்தினேன்.

மறைவான செலவு இரண்டு வகை. சின்னது பணம். மூன்று பேர் பங்கிடும் அறைக்கு ஆளுக்கு மாதம் 9,000 ரூபாய் கொடுத்தோம், சாப்பாடு உட்பட. ஆனால் ஒத்திகை முடிந்து ஒன்பதரை மணிக்குத் திரும்பினால் சாப்பாட்டுக் கூடம் பூட்டியிருக்கும். ஆட்டோ, வெளிச்சாப்பாடு, சத்தமில்லாமல் பேச வேண்டுமே என்று போய் உட்கார்ந்த காபிக்கடை, எல்லாம் சேர்ந்து இன்னொரு 9,000 போனது. காலி செய்யும்போது 'பராமரிப்பு' என்ற பெயரில் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதி வாங்காதது எங்கள் தவறு.

பெரிய செலவு மௌனம். நாங்கள் பெருங்குடியில் இருந்த ஐந்து வாரத்தில் செவ்வாப்பேட்டையில் இரண்டு பட்டறைகள் செயலியைத் தொடுவதையே நிறுத்திவிட்டன. எங்களிடம் சொல்லவில்லை. போன் செய்தால் "நன்றாக இருக்கிறது கண்ணு, நீ படிப்பை முடித்துவிட்டு வா" என்பார் பட்டறைக்காரர். நாங்கள் சென்னையில் ஏதோ படிக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எண் சொல்லும்போது அந்த இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தோம். பொய் சொல்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது.

பெங்களூர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். சென்னை 340க்குப் பக்கம். தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஒசூர் வரை பஸ் பறக்கும், அதன் பிறகு ஊர்ந்து ஊர்ந்து நகருக்குள் நுழையும். தனி வீடு எடுத்தால் அங்கே பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு அதைக் கட்டுவது வீண். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பவர்களுக்கு, கண்ணெதிரே அதே வேலையைச் செய்யும் ஆட்கள் அங்கே கிடைப்பதைப் போல வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள். பட்டறைக்கு விற்பவர்களுக்கு அந்தக் கூட்டத்தால் பெரிய பயன் இல்லை.

## சேலத்து வீட்டிலிருந்தே நடத்துவது

வந்தே பாரத் இருக்கிறதே, காலையில் போய் மாலையில் திரும்பலாமே என்பார்கள். 2023 ஏப்ரலிலிருந்து கோவை–சென்னை வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது, நான்கு மணி நேரத்துக்குள் சென்னையில் இறக்கிவிடுகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அது கோவைக்காரர்கள் காலையில் கிளம்புவதற்காக அமைந்த வண்டி. சேலத்தில் எட்டு மணி வாக்கில் ஏறினால் சென்ட்ரலில் நண்பகலுக்குச் சற்று முன் இறங்குவோம். திரும்பும் வண்டி பிற்பகல் இரண்டரைக்கு முன்பே கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் நேரம் பெருங்குடிக்குப் போய் வருவதற்கே சரியாக இருக்கும். ஆலோசகருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

உள்ளபடி உதவுவது ராத்திரி வண்டி. ஈரோட்டிலிருந்து வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும் முன்பே சென்னை. (மலையேறாத வண்டிக்கு மலையின் பெயர்.) திங்கள் செவ்வாய் அங்கே, செவ்வாய் இரவு திரும்பும் வண்டி, புதன் காலை செவ்வாப்பேட்டை. நான்கு வாரம் இப்படி ஓடினேன். முதல் இரண்டு வாரம் வீரமாக இருந்தது. மூன்றாவது வாரம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

வீட்டின் மறைவான செலவை எந்தத் தாளிலும் எழுத முடியாது. "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற ஒரே வாக்கியத்தில் அது அடங்கும். கேஸ் சிலிண்டர் வந்தால் நான், அத்தையை ஜங்ஷனில் இருந்து அழைத்து வர நான், வைகாசி முகூர்த்தம் ஒவ்வொன்றுக்கும் மொய்க் கவரோடு நான். என் தம்பியும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறான். அவன் கதவைச் சாத்தினால் யாரும் தட்டுவதில்லை. பெண் நிறுவனர்கள் இதைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பகிர்வு அலுவலகத்தில் மேசை எடுத்த பிறகுதான் எனக்குப் பகல் பொழுது என்று ஒன்று கிடைத்தது. அந்தக் கட்டணத்தைச் சேர்த்தால் "சேலம் இலவசம்" என்ற பேச்சு நிற்காது.

இன்னொன்று: அறையில் இருப்பவர்கள் திரையில் இருப்பவரை மறந்துவிடுவார்கள். புதன் வியாழன் கூட்டங்களில் திரை வழியாகக் கலந்துகொண்டபோது என் முறை வரும்போதெல்லாம் நேரம் முடிந்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல.

இத்தனைக்குப் பிறகும் அந்த நான்கு வாரத்தைத்தான் மிக உயர்வாக மதிக்கிறேன். விலகிப்போன இரண்டு பட்டறைகளில் ஒன்றில் ஒரு பகல் முழுக்க மணையில் உட்கார்ந்து பார்த்தேன். பற்றவைப்பவரின் விரல்களில் வெண்காரமும் கரியும் படிந்திருக்கும். அந்த விரலுக்குத் தொடுதிரை அசையவே அசையாது. அவர் ஒவ்வொரு முறையும் கையைக் கழுவித் துடைத்து, போனை எடுத்து, எடையைத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. அவர் ஏன் செய்யப் போகிறார்? சிட்டையில் பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போய்விடுகிறார். "வெள்ளி எடையில்தான் பேசும் கண்ணு, நீ அதைப் போனில் பேசச் சொல்கிறாய்" என்றார் பட்டறைக்காரர். அன்றிரவு கைத்துடைக்கும் தாளைத் தேடி எடுத்தேன்.

## ஏற்காட்டில் வீடு எடுப்பது

தராசு இணைப்பைச் செய்து முடிக்க எங்களுக்கு யாரும் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் வேண்டாம், ஆலோசகர் வேண்டாம், அத்தையும் வேண்டாம். திட்டத்தில் ஒரு வார இடைவெளி விட்டிருந்தார்கள். முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்து ஒன்பது நாள் மலைக்குப் போனோம்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்துக்கு வந்துவிட்டால் சேலத்து வெயில் வேறு மாவட்டத்தின் செய்தி போலாகிவிடும். காலை ஐந்தரைக்கு எழுந்து, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தால் பத்து மணிக்குள் சென்னையின் ஒரு முழு நாள் வேலை முடிந்திருக்கும். மிகைப்படுத்தவில்லை. ஒன்பது நாளில் முதல் ஐந்து நாள் அப்படித்தான் இருந்தன.

ஆறாம் நாள் சனிக்கிழமை. ஏரிப் பக்கம் கார்கள் வரிசைகட்ட, காய்கறி வாங்கப் போனவள் திரும்ப ஒன்றரை மணி நேரமானது. அன்று மாலை மழை, மின்சாரம் போனது, அதோடு இணையமும் போனது. தோட்டத்து வீடுகள் பலவற்றுக்குக் கம்பிவழி இணையம் வந்து சேரவில்லை. போன் சிக்னலும் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். வாராந்தரத் திரைச் சந்திப்பை மொட்டை மாடியில் குடை பிடித்தபடி முடித்தேன். ஒன்பதாம் நாள் நானும் தோழியும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் தயிர். யார் கடைசிக் கரண்டியை எடுத்தது என்பது இப்போதும் தீராத வழக்கு. கூட்டாளியை இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு செலவு. அதைச் சென்னை விடுதியில் மற்றவர்களின் கூட்டம் மறைத்துவிடுகிறது.

மழைக்காலத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழி என்ற மாற்றுப் பாதை இருக்கிறது, ஆனாலும் டெமோ டேவுக்கு முந்தைய வாரம் மலை மேல் இருக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. மே மாதக் கோடை விழா நேரத்தில் வாடகையும் கூட்டமும் ஏறிவிடும், அப்போதும் வேண்டாம்.

ஆகவே ஏற்காட்டைச் சென்னைக்கும் சேலத்துக்கும் போட்டியாக வைப்பதே தவறு என்பது என் கட்சி. என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலையை முடிக்க அது நல்ல இடம். என்ன செய்வது என்று தெரியாதவர்கள் அங்கே போனால் மூடுபனியைப் படமெடுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

## ஒரே பார்வையில்

| | சென்னை / பெங்களூர் அறை | சேலத்து வீடு | ஏற்காட்டு வீடு |
|---|---|---|---|
| தொடர்ச்சியான நேரம் | இரவு மட்டும் | வீட்டில் அரிது. வெளியே மேசை எடுத்தால் உண்டு | காலை முழுதும், மின்சாரம் இருக்கும்வரை |
| வாடிக்கையாளர் (உள்ளூர்த் தொழில்) | போனில் மட்டும் | நடந்து போகும் தூரம் | மலை இறங்க வேண்டும் |
| சக நிறுவனர்கள் | எந்நேரமும் | வாரம் இரண்டு நாள் | கிடையாது |
| வெளியில் தெரியாத செலவு | வெளிச்சாப்பாடு, ஆட்டோ, முன்பணப் பிடித்தம் | ரயில், மேசை வாடகை, உறவினர் கடமை | மாற்று இணைய வசதி, மலைப்பயணம், தயிர் |
| உடம்பு | தூக்கம் போகும் | ரயில் தூக்கம் | நன்றாக இருக்கும் |
| அதிகபட்சம் எத்தனை நாள் | முதல் 4, கடைசி 3 வாரம் | எத்தனை வாரமும் | 7 முதல் 10 நாள் |

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாதவர்கள் ஆக்சிலரேட்டருக்குப் போவது, ஓடத் தெரியாதவரைப் பந்தயத்தில் நிறுத்துவது போல. தமிழ்நாடு அரசின் புத்தொழில் இயக்கத்தின் டான்சீட் விதை நிதி, பொறியியல் கல்லூரிகளில் உள்ள தொழில் வளர் காப்பகங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அங்கே பன்னிரண்டு வாரக் கெடு இல்லை; வீட்டை விடவும் வேண்டாம். கெடு இல்லாததே அதன் குறையும்கூட: இரண்டு வருடமாக 'விரைவில்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் சிலரை எனக்குத் தெரியும்.

## அந்த மூவருக்கும் சொன்னது

பெங்களூர்க்காரருக்கு: போங்கள். நீங்கள் விற்பது வெளிநாட்டுக் கணக்கு நிறுவனங்களுக்கு. அவர்களைச் சேலத்திலும் திரையில்தான் பார்க்கப் போகிறீர்கள். தனி வீடு வேண்டாம், விடுதி போதும். முன்பணம் எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பி வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

ஆத்தூர்க்காரர், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு ஈரப்பத அளவி செய்கிறார். அவருக்கு ஊரை விட வேண்டாம் என்றேன், ஒரு நிபந்தனையோடு: முதல் இரண்டு வாரம் மட்டும் திட்டம் நடக்கும் ஊரிலேயே முழுதாகத் தங்க வேண்டும். அணியில் யார் யார் என்று முகம் பழகிவிட்டால் பிறகு திரையில் வந்தாலும் மறக்க மாட்டார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யாமல் தப்பித்தது தற்செயல். மரவள்ளி அறுவடைப் பருவத்தில் ஆலை ஓடும்போது அளவி அங்கே இருக்க வேண்டும், அவரும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த ஆலோசகரின் நேரமும் அதற்கு ஈடாகாது.

சித்தப்பா வீட்டுச் சாவியை வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "மலையில் உட்கார்ந்து எதை முடிக்கப் போகிறீர்கள்?" பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு உண்மையைச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு சென்னையில் பன்னிரண்டு வாரம் இருக்க முடியாது, வீட்டிலிருந்தால் வேலை நடக்காது, ஏற்காடு என்றால் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிப் போகலாம் என்பதுதான் காரணம். அவருக்கு என் அட்டவணையில் எந்தக் கட்டமும் பொருந்தவில்லை. திட்டத்தினரிடம் நேராகப் பேசச் சொன்னேன். வாரம் இரண்டு நாள் நேரில் வந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதக் கட்டணம் கேட்காமல் வாரத்துக்கு ஒரே ஒரு இரவு தங்கவிடும் பெண்கள் விடுதியைச் சென்னையில் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.